கத்திக்குப் பக்கத்தில் ஒரு பழம்

கூர்மைக் கலாசாரப் பேரவையில் கத்தியின் படம் போடுவதென்றால் பக்கத்தில் ஒரு பழம் வைத்தே ஆகவேண்டும். பேரவையின் முதலாவது சட்டம் இதுதான். மற்றச் சட்டங்களெல்லாம் இது போட்ட குட்டிகள்.

சும்மா பிறந்த சட்டமல்ல. 2019 சித்திரையில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு இந்தக் கரையோரத்தில் வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில், இறைச்சி வெட்டும் கத்தியைக்கூடப் பயத்தில் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாள் வந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பங்கள் உண்டு. காலம் கொஞ்சம் ஆறியது. அரபு நாடுகளில் உழைத்து வந்தவர்கள் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த அழகான கத்திகளை வெளியே எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்கள். மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை இப்படிப்பட்ட ஆட்களைச் சேர்த்து வட்ஸ்அப்பில் ஒரு குழு அமைந்தபோது, அதற்குத் தலைவராகத் தன்னைத்தானே முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏற்றும் கொண்டவர் ஜெமீல் சேர். குழுவின் பெயரில் கத்தி என்ற சொல்லே வரக்கூடாது என்றவர் அவர். பழமும் அவருடைய யோசனைதான்.

"பழம் இரிந்தா அது குசினி. பழம் இல்லாட்டி அது வழக்கு," என்றார்.

ஜெமீல் சேர் கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு அவருக்குக் கிடைத்ததே தவிர, அவரிடமிருந்து ஊருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிப் பழகிய கை, இப்போது வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தது.

நளீர் இந்தப் பேரவைக்குள் வந்தது மச்சானால். நளீருக்குக் கல்முனையில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. கடவுச்சீட்டுப் படம், கலியாணப் படம், பள்ளிக்கூடப் பரிசளிப்புப் படம் என்று அவன் பிழைப்பு ஓடும். அவனுடைய மனைவி ஸப்னா காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஸஹீத், சாய்ந்தமருதில் தையல்கடை வைத்திருப்பவன். நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவனுக்குக் கூர்மையான எதைக் கண்டாலும் ஆசை. கடையில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் சின்னச் சின்னக் கத்திகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பான். அவற்றால் ஒரு நூலைக்கூட வெட்டமாட்டான்.

ஸஹீதைப் போல பொறுமைசாலியை இந்த ஊரில் தேடினாலும் கிடைக்காது. கை நீளம் காணாது என்று சட்டையைத் திருப்பிக் கொண்டுவருகிற ஆளிடம், கை சரியாகத்தான் இருக்கிறது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. "ஓம், காணாதுதான்," என்று வாங்கி, இரண்டு நாள் கழித்து அதே சட்டையை அப்படியே கொடுப்பான். இப்ப சரி என்று ஆளும் போட்டுக்கொண்டு போவார்.

"ஒனக்கிட்டயும் ஒரு கத்தி இரிக்கில்லா, வா மச்சான். நல்ல மனிசர் சேருற இடம்," என்று அவன்தான் நளீரைக் குழுவில் சேர்த்துவிட்டான்.

நளீரிடம் இருந்தது கட்டாரிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன் கொடுத்த சின்னக் கத்தி. நல்ல உருக்கா, தகரத்துக்கு மினுக்குப் பூசினதா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்ற நினைப்பில், முறைப்படி மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றை விரித்து, கத்தியை வைத்து, பக்கத்தில் பாதியாக வெட்டின பப்பாசியை வைத்துப் படமெடுத்துப் போட்டான்.

பதில்கள் வந்தன. "மாஷா அல்லாஹ், பப்பாசியின் நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார் ஒருவர். "பழம் கொஞ்சம் செங்காயோ என்று பணிவான ஒரு சந்தேகம்" என்றார் இன்னொருவர். விதையை எடுத்துவிட்டு வைத்திருந்தால் கலையம்சம் கூடியிருக்கும் என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சட்டத்தரணி நீளமாக எழுதினார். பொழுதுபட்ட பிறகும் பப்பாசியைப் பற்றிய கதை ஓயவில்லை. கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நளீர் மச்சானுக்கு அழைப்பெடுத்தான். "கத்தியப் பத்தி ஆரும் வாய் தொறக்கல்லயேடா?"

"கத்தியச் சொன்னா ஆள்ர மனம் நோகும் மச்சான். பழத்தச் சொன்னா நோகாது. பழம் கடையில வாங்கினதுதானே," என்றான் ஸஹீத்.

நளீருக்கு அது ஒரு மாதிரி விளங்கியது. விளங்கியதுதான் பிழை என்று பிறகு தெரிந்தது.

கத்தியையே விமர்சித்துத்தான் ஆகவேண்டும் என்று ஒருவருக்கு நெஞ்சு துடித்தால், அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 'விமர்சன ஒழுக்கக்கோவை' என்று ஒன்று, குழுவின் தலைமாட்டில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. கண்ணூறு படாமலிருக்க முதலில் மாஷா அல்லாஹ் சொல்லவேண்டும். பிறகு மூன்று பாராட்டு. அதன் பிறகு குறையை, குறை என்று தெரியாதபடி, ஒரு கேள்வியாகக் கேட்கவேண்டும். கடைசியில் கத்திக்காரரின் குடும்பத்துக்காக ஒரு துஆப் பிரார்த்தனை. கேட்டுக்கொண்டவர் கோபிக்கக்கூடாது. அவருக்கும், அல்லாஹ் நற்கூலி தரட்டும் என்று தொடங்கும் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: "ஜஸாகல்லாஹு கைரன். தங்கள் விமர்சனம் கவனத்தில் எடுக்கப்பட்டது." அதைப் போட்டவுடன் விசயம் முடிந்துவிடும். கவனத்தில் எடுத்ததை யாரும் கையில் எடுத்ததில்லை.

தலைவரையோ உபதலைவரையோ விமர்சிப்பதற்குப் பெயர் மேல்நோக்கிய விமர்சனம். அதற்கு மட்டும், விமர்சிக்கப்படுபவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். இதுவரை ஒருவரும் அனுமதி கேட்கவில்லை என்பதிலிருந்து தன் கத்திகளில் குறையே இல்லை என்று ஜெமீல் சேர் முடிவுக்கு வந்திருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பேரவைக்கு ஆண்டு நிறைவு வந்தது. நிந்தவூர்க் கடற்கரையோரத்து மண்டபமொன்றில் விழா. விழா மலரின் அட்டைக்கு ஜெமீல் சேரின் புதுக் கத்தியின் படம். உம்றாவுக்குப் போய்வந்தபோது வாங்கினதாம், ஒட்டக எலும்பில் பிடி போட்ட பெரிய மடக்குக் கத்தி. செயலாளர் றிஸ்வான் அதை ஒரு வெல்வெட் பைக்குள் வைத்து, மாப்பிள்ளை அழைத்து வருகிற மரியாதையோடு நளீரின் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தான். றிஸ்வான் கைத்தொலைபேசிச் சாமான்கள் இறக்கி விற்பவன். ஜெமீல் சேர் தும்மினால் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிற வேலையையும் சேர்த்துப் பார்த்தான்.

நளீர் சாரனை விரித்தான், அன்னாசியை வைத்தான், படமெடுத்தான். பிறகு கத்தியின் பின்பக்கத்தை மட்டும் கிட்டவாக ஒன்று எடுத்தான். கம்பியூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கத்தியை மடங்கவிடாமல் பிடிக்கும் பூட்டுத் தகட்டில் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பெரிய கண்டுபிடிப்பொன்றுமில்லை, கண் இருக்கிற எவனுக்கும் தெரிகிற வெடிப்பு. கத்தியை விரித்து, முதுகில் பெருவிரலால் ஒரு அமத்து அமத்தினான். பூட்டு பிடிக்கவில்லை. அலகு சடக்கென்று மடங்கியது. விரலை இழுத்துக்கொண்டதால் தப்பினான்.

"றிஸ்வான், இது கையை வெட்டும். சேருக்கிட்ட சொல்லு."

"நான் சொல்லுறதா? நான் செயலாளர்டா," என்றான் றிஸ்வான். கத்தியை வெல்வெட் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று வீட்டில் நளீர் ஒழுக்கக்கோவையைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். மாஷா அல்லாஹ் போட்டான். பிடியின் வெண்மையைப் பாராட்டினான், அலகின் வளைவைப் பாராட்டினான். மூன்றாவது பாராட்டுக்குப் பொருள் கிடைக்காமல் வெல்வெட் பையைப் பாராட்டினான். ஸப்னா தேத்தண்ணியோடு வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பூட்டுப் புடிக்கல்ல எண்டு சொல்ல இவ்வளவு சோடினை என்னத்துக்கு? அல்லாஹ்ட பேரச் சொல்லிப்போட்டு அதுக்குக் கீழ முழுப் பொய்," என்றாள்.

"முறை இரிக்கிகா."

"முறையால விரல் போனா முறை ஒட்டித் தருமா?"

நளீர் அவளைப் போகச் சொல்லிவிட்டு, "பூட்டுத் தகட்டில் ஒரு கோடு தெரிகிறதே, அது எனக்கு மட்டும்தானா தெரிகிறது?" என்று முடித்து, கத்தியின் பின்பக்கப் படத்தையும் சேர்த்துக் குழுவில் போட்டான். முன் அனுமதி கேட்கவில்லை. துஆவையும் மறந்துவிட்டான்.

முதலில் வந்தவை தனிச் செய்திகள். "நானும் கண்ட நான், நீ சொன்னது நல்ல வேலை." "எல்லாருக்கும் தெரியும் தம்பி, ஒருத்தன் சொல்லத்தான் வேணும்." அக்கரைப்பற்றுச் சட்டத்தரணி இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பி, இது உயிராபத்துள்ள ஆயுதம் என்று சட்ட நுணுக்கத்தோடு விளக்கினார். அதே சட்டத்தரணி அடுத்த நிமிடம் குழுவுக்குள் போய், "மாஷா அல்லாஹ். தலைவரின் கத்தியில் விழுந்த ஒளியைக் கோடு என்று நினைப்பது பார்வைக் கோளாறு" என்று எழுதினார். தனியாக வந்து நளீரின் முதுகில் தட்டிய அத்தனை பேரும் வரிசையாகப் போய் ஒளியைப் புகழ்ந்தார்கள்.

ஜெமீல் சேர் வீட்டில் ஒரு உபகுழு போட்டு விசாரணை வைத்தார்கள். வட்டிலப்பமும் ரோல்ஸும் பரிமாறப்பட்டன, குற்றவாளிக்கும் ஒரு தட்டு கிடைத்தது. சேரின் பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ரோசாச் செடி முள்ளுக் கீறினது என்றார், யாரும் கேட்காமலே.

"தம்பி நளீர், நான் விமர்சனத்த வரவேற்கிறவன்," என்று ஆரம்பித்தார் சேர். "என்னப்போல விமர்சனத்த வரவேற்கிற ஒருத்தர் இந்தக் கரையோரத்தில இல்ல. இல்ல எண்டு ஆரும் சொன்னா, அவங்களுக்கு எதிரா நடவடிக்கை எடுப்பேன். நான் வேலை செஞ்ச காலத்தில ஒரு அதிபர் என்னப் பத்தி ஒரு குறை சொன்னார். நான் கோபிக்கல்ல. சிரிச்சன். அவர் இப்ப எங்க இரிக்கார் எண்டு ஆருக்கும் தெரியாது. ஏன் சொல்றன்? விமர்சனம் எண்டது ஒரு மருந்து. மருந்த நோயாளிதான் குடிக்கணும். டொக்டருக்குக் குடுக்கப்படாது."

றிஸ்வான் கைதட்டினான். உபகுழுவும் தட்டியது. நளீரும் ஒரு கையில் ரோல்ஸ் இருந்தபடியால் தொடையில் தட்டினான்.

"சேர், அந்தக் கத்திய இஞ்ச கொண்டு வாங்க. ஒருக்கா அமத்திப் பாப்பம். புடிச்சா நான் மன்னிப்புக் கேக்கன்," என்றான்.

உபகுழு ஆளையாள் பார்த்தது. றிஸ்வான் தொண்டையைச் செருமினான். "கத்தியப் பரிசோதிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்ல. நீங்க சொன்ன முறையத்தான் நாங்க பரிசோதிக்கிற."

முறையைப் பரிசோதித்தார்கள். மாஷா அல்லாஹ் சரி. பாராட்டு மூன்றில் ஒன்று பையைச் சேர்ந்தது, செல்லாது. துஆ இல்லை. முன் அனுமதி இல்லை. எல்லாவற்றையும்விட, பின்பக்கப் படத்தில் பழம் இல்லை. பழமில்லாத படத்தில் தெரியும் எந்தக் குறையும் குறையாகக் கொள்ளப்படாது என்று தீர்ப்பு வந்தது. வெடிப்பு, கமராவில் ஒட்டியிருந்த மயிர் என்று பதிவானது. ஆண்டு விழா முடியும்வரை நளீர் குழுவிலும் குழுவின் கூட்டங்களிலும் வாய் திறக்கக்கூடாது. இது தண்டனை அல்ல, மௌனப் பயிற்சி என்று சேர் விளக்கினார். விழாவில் படமெடுக்க மட்டும் வரலாம். கமரா பேசாதுதானே.

இப்படியொரு இடத்தைத் தூக்கியெறிந்துவிட்டு வரவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஸப்னாவும் கேட்டாள். நளீர் சொன்ன காரணத்தைக் கேட்டு அவள் சிரித்தாள். விழாப் படம், விழா மலர்ப் படம், அதைக் கண்டு வரப்போகும் கலியாணப் படங்கள் என்று அவன் அடுக்கினான். உண்மை அதுவல்ல. அவனுக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு கதிரை பிடித்துப்போயிருந்தது. வெளியே நின்று காறித் துப்புவதைவிட உள்ளே இருந்து ரோல்ஸ் சாப்பிடுவது எல்லா மனிதருக்கும் லேசு. அவன் மட்டும் வேறு சாதி மனிதனில்லை.

விழா நாள் வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. மேசைகளில் வெள்ளைத் துணி, துணிமேல் கத்திகள், கத்திகளுக்குப் பக்கத்தில் பழங்கள். பார்வைக்கு வந்த ஊர்ச்சனம் பழக் கண்காட்சி என்று நினைத்து விலை கேட்டது. நளீர் மேடைக்குக் கீழே, கை நீட்டினால் மேடையைத் தொடுகிற தூரத்தில், கமராவோடு நின்றான்.

விருதுகள் அறிவிக்கப்பட்டன. கூட்டத்தில் அதிகம் விமர்சனம் கேட்டும் முகம் சுளிக்காதவருக்கு இந்த வருடம் புதிதாக ஒரு பொறுமைப் பட்டம். 'சபூர் திலகம்.' றிஸ்வான் பெயரை வாசித்தான். ஸஹீத்.

ஸஹீத் எழும்பி வந்தான். அன்று அவனே தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கூச்சத்தில் காது சிவந்திருந்தது. அவனுடைய கத்திகளை இந்தப் பேரவையின் தலைமை எத்தனையோ தரம் கிழித்தெறிந்திருக்கிறது, கீழ்நோக்கிய விமர்சனத்துக்கு அனுமதி தேவையில்லை அல்லவா. ஒவ்வொரு தரமும் அவன் அந்த வாசகத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இப்போது அதற்குக் கைதட்டு விழுந்தது. நளீருக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு படம் எடுத்தான்.

"இந்தப் பட்டத்தோட ஒரு பரிசும் இரிக்கி," என்றார் ஜெமீல் சேர் ஒலிவாங்கியில். "ஒரு சில பேர் என்ட கத்தியில குறை கண்டாங்க. நான் என்ன செஞ்சன்? கோபிச்சனா? இல்ல. அந்தக் கத்தியவே இண்டைக்கு என்ட தம்பி ஸஹீதுக்குக் குடுக்கன். குறையுள்ள பொருள ஒரு மனிசன் பரிசாக் குடுப்பானா? நீங்களே சொல்லுங்க."

வெல்வெட் பையிலிருந்து ஒட்டக எலும்புப் பிடி வெளியே வந்தது. மேடைக்கு வத்தகப்பழம் என்கிற தர்ப்பூசணி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழமில்லாமல் கத்தியைக் கையிலெடுக்கக்கூடாதே. சபூர் திலகம் அதை வெட்டி விழாவின் விருந்தைத் தொடக்கிவைப்பார் என்று றிஸ்வான் அறிவித்தான்.

நளீர் கமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான். சத்தம் போடவேண்டும் என்று தெரிந்தது. மௌனப் பயிற்சியும் தெரிந்தது. முன்வரிசையில் சட்டத்தரணி இருந்தார், டொக்டர்மார் இருந்தார்கள், வெடிப்பைக் கண்டவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நளீர் கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்து, மச்சானுக்குத் தனிச் செய்தி எழுதினான். "வெட்டாதே. பூட்டு பிடிக்காது." எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு அனுப்பினான்.

ஸஹீதின் சட்டைப் பைக்குள் கைத்தொலைபேசி ஒளிர்வது நளீருக்குத் தெரிந்தது. மெல்லிய வெள்ளைத் துணிக்குள்ளால் அந்த வெளிச்சம் தெரிந்தது. ஸஹீத் பார்க்கவில்லை. மேடையில் நின்றுகொண்டு கைத்தொலைபேசி பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பான். பிஸ்மி சொல்லி, கத்தியின் நுனியை வத்தகப்பழத்தின் தோலில் வைத்துக் குத்தி அமத்தினான். தோல் தடித்தது. அலகு மடங்கி அவனுடைய வலது கை விரல்களின் மேல் மூடியது.

சபையில் கைதட்டு நிற்கச் சற்று நேரம் எடுத்தது. வழிகிற சிவப்பு பழத்தினுடையது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சுட்டுவிரலும் நடுவிரலும் தைக்கப்பட்டன. நரம்பு அறுந்ததைப் பொருத்தியிருக்கிறோம், மடங்குமா என்று இப்போது சொல்ல ஏலாது என்றார் டொக்டர். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடை நிறைய வெட்டாத துணி கிடந்தது. ஸஹீதின் மனைவி சரீபா கட்டிலோரம் குந்தி, அவனுடைய கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஸப்னா அழவில்லை. நளீரைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பேரவையின் தூதுக்குழு நலம் விசாரிக்க வந்தது. ஆளுக்கொரு பை. கொடிமுந்திரி, அப்பிள், தோடை. ஆஸ்பத்திரிக்காவது பழம் பொருத்தமாக இருந்தது.

"காயம் சுத்தமாப் பட்டிரிக்கி," என்றார் ஜெமீல் சேர், கட்டைப் பார்த்து. "அலகுட தரத்துக்கு இதவிடச் சாட்சி தேவல்ல. நாங்க உபகுழுவக் கூட்டிக் கதைச்சம். துஆ இல்லாத விமர்சனத்தால பட்ட கண்ணூறுதான் இதுக்குக் காரணம் எண்டு முடிவு. ஆரையும் பேர் சொல்லிக் குத்தம் சொல்ல நான் விரும்பல்ல." அப்படிச் சொல்லிக்கொண்டே நளீரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போலப் பார்த்தார். "தம்பி ஸஹீத், நீங்களும் கத்தியக் கொஞ்சம் பக்குவமாப் புடிச்சிரிக்கலாம். இத ஒரு சின்ன விமர்சனமா எடுத்துக்கங்க."

ஸஹீத் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தான். உதடு வறண்டிருந்தது. "ஜஸாகல்லாஹு கைரன் சேர். கவனத்தில எடுத்துக்கிட்டன்," என்றான்.

சேருக்குக் கண் கலங்கியது. பட்டம் சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது என்று றிஸ்வானிடம் சொன்னார். போகும்போது, சரித்திர முக்கியத்துவம் வந்துவிட்டபடியால் கத்தி பேரவையின் பொறுப்பில் இருப்பதே நல்லது என்று அதைக் கேட்டார். நளீர்தான் வைத்திருந்தான். பிறகு தருகிறேன் என்றான்.

வீட்டுக்கு வந்து சாரனை விரிக்கவில்லை. பழம் வைக்கவில்லை. வெறும் சீமெந்து நிலத்தில் கத்தியை விரித்து வைத்து, வெடிப்பு தெரிய, வெடிப்புக்குள் காய்ந்திருந்த இரத்தம் தெரியப் படமெடுத்தான். குழுவில் போட்டான். மாஷா அல்லாஹ் இல்லை, பாராட்டு இல்லை. "பூட்டு வெடித்த கத்தி. ஸஹீதின் விரல்களை வெட்டியது இதுதான். எல்லோருக்கும் தெரியும்." இவ்வளவுதான் எழுதினான்.

முதலாவது பதில் மருதமுனையிலிருந்து வந்தது. "மாஷா அல்லாஹ். வெளிச்சம் அருமை." அடுத்தவர் கூர்மையான படம் என்றார். சீமெந்துத் தரை ஒரு புதுமையான பின்னணி, ஆனாலும் சாரனின் அழகு வராது என்றார் இன்னொருவர். பிறகு சட்டத்தரணி வந்து கேட்டார்: "பழம் எங்கே?"

அதோடு எல்லோருக்கும் கண் திறந்தது. பழம் எங்கே, பழம் எங்கே என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒரு கொடிமுந்திரிப் பழமாவது வைத்திருக்கலாமே என்று வருந்தினார்கள். பேரவையைப் பொலிசில் மாட்டிவைக்கிற சூழ்ச்சி என்றும் ஒருவர் எழுதினார். றிஸ்வான் நளீரைக் குழுவிலிருந்து நீக்கினான். நீக்கிய கையோடு தனிச் செய்தியும் அனுப்பினான். "நீ செய்ததுதான் சரி மச்சான். சேருக்கும் தெரியும். அவருடைய பெருவிரலில் பட்டது முள்ளு இல்லை, இதே கத்திதான். இதை ஆருக்கும் சொல்லாதே."

இன்னும் பல தனிச் செய்திகள் வந்தன. நீ ஆம்பிள என்று ஒருவர் எழுதினார். நளீர் எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தான். சொல்லாமலென்ன, அவனுக்கு ஒரு பெருமை ஏறியது. இந்தக் கரையோரத்தில் முறையை உடைத்து உண்மை சொன்ன ஒரே ஆள். மச்சானிடம் காட்டவேண்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனான்.

தையல்கடையில் சரீபா மெஷினில் இருந்தாள். அவளுக்குத் தைக்கத் தெரியும், வெட்டத் தெரியாது. ஸஹீத் வெட்டுகிற மேசையில் நின்றான். கட்டுப் போட்ட வலது கையால் துணியை அமத்திக்கொண்டு, இடது கையால் வெண்கட்டியைப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி அலுமாரி வெறுமையாக இருந்தது. கத்திகளைக் காணவில்லை.

"மச்சான், குழுவப் பாத்தயா? நான் போட்டதப் பாத்தயா?" என்று நளீர் கைத்தொலைபேசியை நீட்டினான். "ஒருத்தனையும் விடல்ல. எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன்."

ஸஹீத் வெண்கட்டியை வைத்தான். கைத்தொலைபேசியைப் பார்க்கவில்லை.

"நீ மேடைக்குக் கீழதானே நிண்டாய்," என்றான். "நான் உன்னக் கண்ட நான். எட்டினா என்ட கையப் புடிச்சிரிக்கலாம். ஒரு சத்தம் போட்டிரிக்கலாம். நீ போனுல எழுதிக்கிட்டு நிண்டாய்."

அவ்வளவுதான் சொன்னான். குரல் உயரவில்லை. முன்னால் மாஷா அல்லாஹ் இல்லை, மூன்று பாராட்டு இல்லை, பின்னால் துஆவும் இல்லை. யாருடைய சட்டையையும் சரியென்று சொல்லத் துணியாத மனிதன், வாழ்க்கையில் முதல் தரமாக ஒருவனைப் பார்த்துக் குறை சொன்னான். அதில் திருத்த ஒரு எழுத்து இல்லை.

நளீர் வாயைத் திறந்தான். சொல்வதற்கு நிறைய இருந்தது. மௌனப் பயிற்சியைச் சொல்லலாம். முன்வரிசையில் இருந்தவர்களைச் சொல்லலாம், அவனுக்கும் முதல் கண்டவர்கள் அவர்கள். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம், கையைப் பிடித்து அழலாம். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. வெளியே வந்தது வேறு.

"ஜஸாகல்லாஹு கைரன்," என்றது அவன் வாய். "தங்கள் விமர்சனம் கவனத்தில் எடுக்கப்பட்டது."

சரீபா மெஷினை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். ஸஹீத் பார்க்கவில்லை. பழகாத இடது கையில் கத்தரிக்கோலை எடுத்து, கோடு போட்ட துணியில், கோட்டை விட்டு விலகி விலகி வெட்டத் தொடங்கினான்.